நந்தா விளக்கும் அந்தி விளக்கும்: நன்னிலம் வட்டார இல்ல வழிபாட்டில் விளக்கேற்றும் மரபும் பூசைப் பொருள்களும்

ஆய்வுச் சுருக்கம்

காவிரிப் படுகையின் நெல்வயல் ஊர்களில் இல்லந்தோறும் அந்திப்பொழுதில் நிகழும் விளக்கேற்றம் பெரும்பாலும் கோயில் வழிபாட்டின் சிறு வடிவமாகவே விளக்கப்பட்டு வருகிறது. கோயில் விளக்கும் இல்ல விளக்கும் வேறுவேறு கருத்தடிப்படை கொண்டவை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. கோயிலின் நந்தா விளக்கு அணையாமையால் சிறப்புறுவது. இல்ல விளக்கு நாள்தோறும் ஏற்றப்படுவதால் சிறப்புறுவது. சங்கப் பாடல்கள் காட்டும் மாலை வழிபாடு, சோழர் கல்வெட்டுகளின் விளக்கு அறம், நமிநந்தியடிகள் வரலாறு, வட்டாரத்தில் வழங்கும் விளக்கு வகைகள், அவற்றைச் சார்ந்த சொல்வழக்குகள் ஆகியவற்றின் துணைகொண்டு இவ்வேறுபாடு நிறுவப்படுகிறது. நெல்லும் சுடரும் இணைந்து நிற்பதே இப்பகுதி இல்ல வழிபாட்டின் அடிப்படை அலகு என்பதும் காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நன்னிலம், இல்ல வழிபாடு, நந்தா விளக்கு, குத்துவிளக்கு, நிறைநாழி, மாவிளக்கு, மங்கல வழக்கு, நமிநந்தியடிகள்.

முன்னுரை

நன்னிலம், முன்பு தஞ்சாவூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்து, 1997 முதல் திருவாரூர் மாவட்டத்தில் அமைந்துள்ள வட்டத் தலைநகராகும். அரசலாறு, முடிகொண்டான், திருமலைராசன் முதலிய காவிரிக் கிளைகள் பாயும் இவ்வட்டாரம் பெயருக்கேற்ற வண்டல் நிலம். சுந்தரர் பாடிய நன்னிலத்துப் பெருங்கோயில் இவ்வூரில் உள்ளது. திருமீயச்சூர், கூத்தனூர் முதலிய கோயிலூர்கள் அருகருகே விளங்குகின்றன. கோயில்கள் இவ்வளவு நெருங்கிய பகுதியில் இல்ல வழிபாட்டைத் தனித்துக் காண்பது கடினம். கல்வெட்டும் ஆகமமும் தலபுராணமும் கோயிலைப் பற்றியே பேசுகின்றன. வீட்டின் மாடக்குழியில் எரியும் விளக்கைப் பற்றிப் பேசும் கல் எதுவும் இல்லை. எனவே ஆய்வாளர், கோயிலுக்குரிய சான்றுகளைக் கொண்டே வீட்டையும் விளக்கும் நிலை ஏற்படுகிறது.

இந்நிலையில் இரண்டு வினாக்கள் எழுகின்றன. இல்ல விளக்கேற்றம் கோயில் வழிபாட்டிலிருந்து பிறந்ததா, அன்றித் தனக்கெனத் தனி மரபு உடையதா? தனி மரபு உடையதாயின் அதன் இலக்கணத்தை எச்சான்றுகளைக் கொண்டு அறிவது? இவற்றுக்கு விடை காண இலக்கியம், கல்வெட்டு, புழங்குபொருள், சொல்வழக்கு என்னும் நான்கு வகைச் சான்றுகளும் இணைத்து நோக்கப்படுகின்றன. பூசைப் பொருள்கள் பல இருப்பினும், அவற்றை ஒருங்கே இயக்கும் நடுப்பொருள் விளக்கே ஆதலின் ஆய்வு விளக்கை மையமாகக் கொள்கிறது.

1. கோயிலின் நந்தா விளக்கு

சோழர் காலக் கல்வெட்டுகளில் மிகுதியாகக் காணப்படும் அறங்களுள் ஒன்று விளக்குக் கொடை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின்படி ஒரு விளக்கு இடையறாது எரிவதற்கு 96 ஆடுகள் அளிக்கப்பட்டன. ஆட்டைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டனர். நான்கு உழக்கு கொண்டது ஒரு நாழி. ஆடுகள் ஈன்று பெருகி, இறந்தவற்றின் இடத்தை இளையவை நிரப்புமாதலின் அவை ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. கொடையாளர் மறைந்த பின்னும், இடையர் தலைமுறை மாறிய பின்னும் சுடர் மட்டும் தொடர வேண்டும் என்பதே இவ்வறத்தின் நோக்கம்.

இந்நோக்கம் விளக்கின் பெயரிலேயே பதிந்துள்ளது. நந்தா விளக்கு, நுந்தா விளக்கு என்னும் வடிவங்கள் கல்வெட்டுகளில் பயில்கின்றன. நந்துதல் என்பது கெடுதல், அணைதல். நுந்துதல் என்பது தூண்டுதல். எவ்வடிவத்தைக் கொண்டாலும் பெயர் எதிர்மறைப் பெயரெச்சத்தால் அமைந்தது. ‘அணையாத’ அல்லது ‘தூண்ட வேண்டாத’ என்பது அதன் பொருள். விளக்கை ஏற்றியவர் யார், ஏற்றிய பொழுது எது என்பவற்றுக்கு அப்பெயரில் இடமில்லை. சுடரின் தொடர்ச்சியே அங்குப் பொருள்.

கோயிலிலும் சந்தி விளக்கு என்னும் வகை உண்டு. குறித்த பொழுதில் மட்டும் ஏற்றப்படும் அவ்விளக்குக்கும் கொடைகள் அளிக்கப்பட்டன. எனினும் அதுவும் அளவுகூறி, பொறுப்பாளர் வகுத்து, கல்லில் எழுதி வைக்கப்பட்ட கடமையே ஆகும். கொடுப்பவர் ஒருவர், நெய் அளப்பவர் ஒருவர், ஏற்றுபவர் ஒருவர் என வினை பகுக்கப்பட்டிருந்தது. இல்லத்தில் இம்மூன்றும் பெரும்பாலும் ஒருவரிடமே அமைகின்றன. இவ்வேறுபாடே பின்வரும் பகுதிகளுக்கு அடிப்படை.

2. சங்கப் பாடல்கள் காட்டும் மாலை விளக்கு

இல்ல விளக்கேற்றத்துக்குக் கிடைக்கும் பழஞ்சான்று, நந்தா விளக்குக் கல்வெட்டுகளுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. நெடுநல்வாடை கூதிர்க்கால மாலை ஒன்றை விவரிக்கிறது. மேகம் மூடியிருப்பதால் பொழுது தெரியவில்லை. கொய்து வைத்த பித்திக அரும்புகள் மலர்வதைக் கொண்டு மகளிர் மாலை வந்ததை அறிகின்றனர். இரும்பினால் செய்த விளக்கில் நெய் ஊறிய திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகின்றனர்.

இக்காட்சியில் ஐந்து கூறுகள் உள்ளன: அந்திப்பொழுது, பெண்டிர், விளக்கு, தானியமும் மலரும், கைதொழுதல். பூசாரி இல்லை, தெய்வத்தின் பெயரும் உருவமும் சுட்டப்படவில்லை. விளக்கு வேறொரு தெய்வத்தின்முன் ஏற்றப்படுவதாகவும் கூறப்படவில்லை. ஏற்றப்பட்ட விளக்கே தொழப்படுகிறது என்று கொள்வதே பாடலமைதிக்குப் பொருந்துவது.

முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நாழியில் நெல்லும் அன்றலர்ந்த முல்லை மலரும் கொண்டு ஊர்ப்புறம் சென்று, அவற்றைத் தூவித் தொழுது விரிச்சி கேட்டு நிற்கின்றனர். பொழுது அங்கும் மாலையே. இப்பாடலை இயற்றிய நப்பூதனார் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் ஆவார். எனவே நாழி நெல்லும் மலரும் கொண்டு மாலையில் தொழும் வழக்கம் காவிரிக் கழிமுகத்துப் புலவர் ஒருவர் நன்கறிந்த வழக்கம் என்று கருத இடமுண்டு.

விளக்கு வடிவங்களும் இப்பாடல்களில் வேறுபடுகின்றன. நெடுநல்வாடையின் அரண்மனைப் பகுதியில் யவனர் செய்த பாவை ஏந்திய விளக்கு எரிகிறது. முல்லைப்பாட்டிலும் பாவை விளக்கு இடம்பெறுகிறது. அவை ஒளிக்கும் அழகுக்கும் உரியவை. கைதொழுதல் பேசப்படும் இடத்தில் வருவதோ எளிய இரும்பு விளக்கு. விளக்கின் விலைமதிப்பு அன்று, ஏற்றும் வினையே வழிபாட்டுக்கு உரியது என்பதற்கு இது தொன்மையான குறிப்பாகிறது. அகநானூறும் நற்றிணையும் சுட்டும் கார்த்திகை விளக்கீடு இவ்வினை விழாவாக விரிந்த நிலையைக் காட்டுகிறது.

3. வட்டாரப் பூசைப் பொருள்களும் அவற்றின் மூலமும்

இப்பகுதி வீடுகளில் வழங்கும் விளக்குகளை அவை செய்யப்படும் பொருளாலும் நிற்கும் இடத்தாலும் பகுத்துக் காணலாம்.

*அகல்:* வேளார் வனையும் மண்விளக்கு. கார்த்திகைக்கு ஆண்டுதோறும் புதியது வாங்கப்படும். வாசல், திண்ணை, துளசி மாடம், கிணற்றடி, மாட்டுக்கொட்டில், எருக்குழி வரை இது வைக்கப்படும். வீட்டின் எல்லை முழுவதையும் விளக்கின் எல்லையாக்குவது அகலே.

*காமாட்சி விளக்கு:* பின்தகட்டில் காமாட்சி அல்லது கஜலட்சுமி உருவம் அமைந்த சிறிய உலோக விளக்கு. பெரும்பாலும் ஒரே முகம் உடையது. நாள்தோறும் ஏற்றப்படுவது இதுவே. மணமகள் புகுந்த வீட்டில் முதன்முதலாக ஏற்றும் விளக்காகவும் அமையும்.

*குத்துவிளக்கு:* குத்திட்டு நிற்பதால் பெற்ற பெயர். அடி, தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சி என்னும் உறுப்புகள் தனித்தனியே வார்க்கப்பட்டு மரையால் இணைக்கப்படும். தட்டில் ஐந்து முகங்கள் இருக்கும். உச்சியில் பெரும்பாலும் அன்னம் அமையும். வெள்ளிக்கிழமை, விழா, மணம் முதலிய நாள்களில் ஐந்து முகமும் ஏற்றப்படும்.

*தூண்டாமணி விளக்கும் சரவிளக்கும்:* சங்கிலியில் தொங்குபவை. எண்ணெய் தானே சிறிதுசிறிதாக இறங்கும் அமைப்புடையது தூண்டாமணி விளக்கு. இது நுந்தா விளக்கின் கருத்தை வீட்டுக்குக் கொணர்ந்த வடிவம் எனலாம். பெரிய வீடுகளின் பூசை அறைகளிலேயே காணப்படுவது.

விளக்கைச் சூழ்ந்து நிற்கும் பிற பொருள்களும் வினை வரிசையில் அமைந்தவை. திருநீற்று மடல் அல்லது சம்புடம், குங்குமச் சிமிழ், சந்தனக் கல் ஆகியவை பூசுவதற்கு உரியவை. சொம்பு, பஞ்சபாத்திரம், உத்தரணி நீருக்கு உரியவை. தூபக்கால் புகைக்கும், கற்பூரத் தட்டு ஆரத்திக்கும், மணி ஒலிக்கும் உரியவை. தாம்பாளம் இவை அனைத்தையும் தாங்குவது. சிவதீட்சை பெற்றோர் இல்லங்களில் நிகழும் ஆன்மார்த்த பூசைக்குப் பத்ததி நூல்கள் முறை வகுத்துள்ளன. 12-ஆம் நூற்றாண்டில் அகோரசிவாசாரியர் இயற்றிய கிரியாக்கிரமத்யோதிகை அவற்றுள் பெரிதும் போற்றப்படுவது. பஞ்சபாத்திரமும் மணியும் அவ்வகைப் பூசையைச் சார்ந்தவை. அந்தி விளக்கோ தீட்சையை வேண்டுவதன்று. மந்திரம் அறியாதவரும் ஏற்றுவது. ஒரே வீட்டில், ஒரே அறையில் நூல்வழிப் பூசையும் வழக்குவழிப் பூசையும் அருகருகே நிகழ்வதைப் பொருள்களின் வரிசையே காட்டிவிடுகிறது.

குத்துவிளக்கு இவ்வட்டாரத்துக்கு அயற்பொருள் அன்று. கும்பகோணத்திலிருந்து திருவாரூர் செல்லும் வழியில் உள்ள நாச்சியார்கோயில் பித்தளை விளக்குத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளை இங்கு மண்கருவில் வார்க்கப்படுகிறது. நுண்ணிய காவிரி வண்டல் மண் அச்சின் நெளிவுசுளிவுகளைத் தெளிவாகப் பற்றிக்கொள்வதால் கரு அமைப்பதற்கு ஏற்றதாகிறது. வார்த்த உறுப்புகள் அராவப்பட்டு, கடைசல் பிடிக்கப்பட்டு, மெருகேற்றப்படுகின்றன. நாச்சியார்கோயில் குத்துவிளக்கு புவிசார் குறியீடு பெற்றுள்ளது. நெல்லை விளைவிக்கும் வண்டலே விளக்குக்கும் கருவாகிறது என்பது இப்பகுதிக்கே உரிய இயைபு.

எண்ணெயின் பெயர்களும் ஆய்வுக்குரியவை. எள்ளின் நெய்யே எண்ணெய். அது பின்னர்ப் பொதுப்பெயராகியது. ஆமணக்கு நெய் ‘விளக்கெண்ணெய்’ எனப்படுகிறது. மருந்தாகவே இன்று பெரிதும் அறியப்படும் ஒன்று தன் பழைய பயனைப் பெயரில் காத்து வருகிறது. இலுப்பை எண்ணெய் கோயிலிலும் வீட்டிலும் வழங்கியது. எந்த எண்ணெய் எந்த வீட்டில் எரிந்தது என்பது நெறியை மட்டுமன்றிப் பொருள்நிலையையும் பொறுத்திருந்தது. நெய் விளக்கு நாள்விளக்கு ஆகாமல் நோன்பு விளக்காக நின்றதற்குக் காரணம் இதுவே எனலாம்.

4. ஏற்றுதல் முதல் குளிரவைத்தல் வரை

இல்ல விளக்கின் இலக்கணத்தை அதனைச் சார்ந்த வினைச்சொற்கள் தெளிவாக்குகின்றன. துலக்குதல், திரியிடுதல், ஏற்றுதல், வைத்தல், தூண்டுதல், குளிரவைத்தல் என்பன அவை. நந்தா விளக்கின் பெயர் வினையை மறுப்பது. அந்தி விளக்கின் வழக்கு முழுவதும் வினைகளால் ஆனது.

முதல் வினை தூய்மை. வெள்ளிக்கிழமைக்கு முன் விளக்கைப் புளியிட்டுத் துலக்குவர். பாத்திரம் துலக்குதலை ‘விளக்குதல்’ என்பதும் தமிழ் வழக்கே. விளக்கு, விளக்குதல், விளக்குமாறு ஆகிய சொற்கள் ஒளியையும் தூய்மையையும் ஒரே வேரில் இணைக்கின்றன. அந்தியில் வீடு பெருக்கி, வாசல் தெளித்து, முகம் கைகால் கழுவிய பின்னரே விளக்கேற்றுவர். விளக்கு வைத்த பிறகு பெருக்குதல் ஆகாது என்பது வழக்கம். விளக்குமாறு தன் பணியை முடித்த பின்னரே விளக்கு தன் பணியைத் தொடங்குகிறது.

விளக்கு வைக்கும் பொழுதில் வாசற்கதவு திறந்திருக்கும், கொல்லைக்கதவு சார்த்தப்படும். திருமகள் வருகை என இது விளக்கப்படுகிறது. அப்பொழுதுக்குப் பின் பணம், உப்பு, தயிர் முதலியவற்றை வெளியே கொடுக்கமாட்டார்கள். இவ்விலக்குகளை ஒருங்கு நோக்கினால் விளக்கேற்றம் வீட்டின் எல்லையை நாள்தோறும் புதிதாக வரையறுக்கும் செயல் என்பது புலனாகும். பகலில் வெளியோடு கலந்து இயங்கும் வீடு, அந்தியில் தன்னைத் தான் கூட்டிக்கொள்கிறது. ‘விளக்கு வைத்த நேரம்’ என்பது கடிகாரம் வருமுன் பொழுதின் பெயராகவே நிலைபெற்றிருந்தது.

இறுதி வினை மிகுந்த கவனத்துக்குரியது. விளக்கை ‘அணை’ என்று கூறுவதில்லை. ‘குளிரவை’, ‘மலையேற்று’, ‘அமர்த்து’ என்றே கூறுவர். வாயால் ஊதி அணைப்பதும் இல்லை. மலரால் ஒற்றியோ, துளி பால் இட்டோ, திரியை எண்ணெய்க்குள் இழுத்தோ அமர்த்துவர். நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கிறது. விளக்கைக் குளிரவை என்பது மங்கல வழக்குக்கு இலக்கண ஆசிரியர் காட்டும் வழக்கமான எடுத்துக்காட்டு. பாடநூலில் ஒரு வரி எடுத்துக்காட்டாக நிற்கும் இத்தொடர் ஒரு வழிபாட்டு உண்மையின் பதிவாகும். நந்தா விளக்குக்கு இத்தகைய சொல் தேவைப்படவில்லை. அதற்கு முடிவு என்பதே வகுக்கப்படவில்லை. நாள்தோறும் முடிக்கப்பட வேண்டிய விளக்குக்கே முடிவைக் குறிக்கும் மங்கலச் சொல் தேவைப்பட்டது.

5. நெல்லும் சுடரும்

நெடுநல்வாடையில் விளக்கோடு வந்த நெல் பிற்கால வழக்கிலும் விளக்கைவிட்டு நீங்கவில்லை. மணவறையில் குத்துவிளக்கின் அருகே நெல் நிரம்பிய நாழியோ படியோ மரக்காலோ வைக்கப்படும். இது நிறைநாழி எனப்படும். நாழி, கோயிலில் நெய்யும் நெல்லும் அளந்த அதே அளவை. ஆனால் நிறைநாழி எதையும் அளப்பதில்லை. நிறைந்திருத்தலே அதன் பணி. அளவுக்கருவி வீட்டு வழிபாட்டில் நிறைவின் உருவமாக மாறிவிடுகிறது.

இவ்விணை மங்கல நிகழ்ச்சிகளுக்கு மட்டும் உரியதன்று. இறந்தவரின் தலைமாட்டிலும் விளக்கேற்றி, நெல் நிறைந்த மரக்கால் வைப்பது இப்பகுதி வழக்கம். அங்குத் திரி ஒன்றே, முகம் ஒன்றே. துக்க நாள்களில் இறந்தவர் கிடந்த இடத்தில் அவ்விளக்கு தொடரும். மணத்தில் ஐந்து முகம், இறப்பில் ஒரு முகம் என எண்ணிக்கையும், முகம் நோக்கும் திசையும் மாறுகின்றனவே தவிர நெல்லும் விளக்கும் மாறுவதில்லை. ஆகவே விளக்கு மங்கலத்தின் அடையாளம் என்று மட்டும் கூறுவது குறையுடைய விளக்கம். வீட்டில் ஒரு நிலை முடிந்து மறுநிலை தொடங்கும் இடங்களிலெல்லாம் நெல்லும் சுடரும் சான்றாக நிறுத்தப்படுகின்றன என்பதே பொருந்துவது. பகல் முடிந்து இரவு தொடங்கும் அந்தியும் அத்தகைய இடமே.

மாவிளக்கு இவ்விணையின் முதிர்ந்த வடிவம். ஊறவைத்து வடித்த பச்சரிசியை இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழித்து, நெய் வார்த்துத் திரியிட்டு ஏற்றுவர். குலதெய்வ வழிபாடு, மாரியம்மன் வேண்டுதல், புரட்டாசிச் சனிக்கிழமை ஆகியவற்றில் இது இடம்பெறும். இங்கு அரிசி விளக்கின் அருகில் நிற்பதில்லை, அரிசியே விளக்காகிறது. சுடர் மலையேறிய பின் அம்மாவு பகிர்ந்துண்ணப்படுகிறது. கோயில் விளக்கில் ஆடு நெய்யாகி, நெய் சுடராகி முடிகிறது. மாவிளக்கில் சுடர் மீண்டும் உணவாகி வீட்டாரிடம் திரும்புகிறது. ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரையில் மகளிர் விளக்கேற்றிப் புதுப்புனலை வழிபடுவதும் நெல்லுக்கு முதலான நீரை இவ்வட்டத்துக்குள் கொணர்வதாகும்.

6. வாசலும் தீட்டும்: நமிநந்தியடிகள் வரலாறு

விளக்கை யார் ஏற்றலாம் என்னும் வினா இம்மரபின் கூர்மையான பகுதி. மகப்பேறு, இறப்பு, மாதவிலக்கு ஆகியவற்றில் விளக்கேற்றம் தடைப்படுகிறது அல்லது கைம்மாறுகிறது. மணம், வளைகாப்பு போன்றவற்றில் குத்துவிளக்கேற்றும் உரிமை கணவனுடன் வாழும் பெண்டிர்க்கே வழங்கப்பட்டு வந்துள்ளது. ஆனால் நாள்தோறும் ஏற்றும் காமாட்சி விளக்குக்கு அவ்வரையறை பெரும்பாலும் இருப்பதில்லை. கணவனை இழந்த தாயோ பாட்டியோ பல ஆண்டுகள் அந்தி விளக்கை ஏற்றி வந்த வீட்டிலேயே, திருமண நாளன்று அவர் விலகி நிற்க நேர்கிறது. நாள்விளக்கு தரும் உரிமையை விழாவிளக்கு மறுக்கும் இம்முரண் இல்ல வழிபாட்டை இனியதாக மட்டும் காணும் எழுத்துகளில் இடம்பெறுவதில்லை.

தீட்டு பற்றிய வினாவை இப்பகுதியின் பழைய வரலாறு ஒன்றே எழுப்பியுள்ளது. நமிநந்தியடிகள் திருவாரூரை அடுத்த ஏமப்பேறூரினர். ஆரூர் அரநெறிக் கோயிலில் விளக்கேற்ற விரும்பி அருகிலிருந்த வீட்டில் நெய் கேட்டார். அவ்வீட்டுச் சமணர், கையில் கனல் ஏந்திய இறைவனுக்கு விளக்கு எதற்கு, வேண்டுமாயின் நீரை முகந்து எரிக்கலாம் என்று இகழ்ந்தனர். இறையருளின்படி அவர் குளத்து நீர் வார்த்து விளக்கெரித்தார். அப்பர் தம் ஆரூர்ப் பதிகத்திலேயே இதனைக் குறிக்கிறார். அரநெறி பின்னர்ச் செம்பியன்மாதேவியால் கற்றளியாக்கப்பட்டது.

நீரால் விளக்கெரித்த செய்தியே பரவலாக அறியப்பட்டது. சேக்கிழார் அதனைத் தொடர்ந்து கூறும் நிகழ்ச்சி இல்ல வழிபாட்டாய்வுக்கு அதனினும் சிறந்தது. ஆரூர் இறைவன் மணலிக்கு எழுந்தருளிய விழாவில் எல்லாக் குலத்தாரும் கலந்து சென்றனர். அடிகளும் உடன்சென்று இரவில் வீடு திரும்பினார். தீட்டு நேர்ந்ததாகக் கருதி உள்ளே புகாமல் புறக்கடையில் துயில முற்பட்டார். வீட்டுப் பூசையை முடிக்குமாறு மனைவியார் வேண்ட, குளித்த பின்னரே புகலாம் என்று கூறி நீர் கொணரச் செய்தார். அதற்குள் உறக்கம் வந்தது. கனவில் இறைவன் தோன்றி, ஆரூரில் பிறந்தார் யாவரும் தம் கணங்களே என்று உணர்த்தினார். அடிகள் தம் கருத்து பிழையென உணர்ந்து, அந்நிலையிலேயே எழுந்து வீட்டுப் பூசையை முடித்தார். மறுநாள் ஆரூர் மக்களைச் சிவகணங்களாகவே கண்டு வணங்கினார்.

கோயில் விழாவில் கரைந்த வேறுபாடு வீட்டு வாசலில் மீண்டும் தலைதூக்குவதை இவ்வரலாறு காட்டுகிறது. கோயிலுக்கு நாள்தோறும் சென்று விளக்கேற்றும் அடியாரே தம் வீட்டு வாசலில் தயங்கி நிற்கிறார். வீட்டு வழிபாட்டின் எல்லை கோயில் வழிபாட்டின் எல்லையினும் இறுக்கமானதாக இருந்தது என்பதற்கும், அவ்விறுக்கம் பக்தி மரபுக்குள்ளேயே வினவப்பட்டது என்பதற்கும் இது ஒருசேரச் சான்றாகிறது.

இதே வினாவுக்குப் பிற்காலத்தில் வேறோரிடத்தில் ஒரு விடை தரப்பட்டது. காவிரிப் படுகைக்கு வடக்கே, வள்ளலார் தங்கியிருந்த கருங்குழி இல்லத்திலும் நீரால் விளக்கெரிந்தது என்பது அவர் வரலாற்றில் வழங்கும் செய்தி. 1873-இல் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் அவர் தம் அறையிலிருந்த விளக்கை வெளியே வைத்து, அதனையே வழிபடுமாறு அன்பர்களைப் பணித்தார். நமிநந்தியடிகள் வாசலுக்கு வெளியே நின்றார். வள்ளலார் விளக்கை வாசலுக்கு வெளியே கொணர்ந்தார். உருவமும் குல வரையறையும் இன்றி விளக்கே வழிபடுபொருளாகும் நிலை, நெடுநல்வாடை காட்டும் எளிய வழிபாட்டுக்கு மிக அணுக்கமானது.

7. இக்கால மாற்றங்கள்

மின்விளக்கு வரும்வரை வீட்டு விளக்கு ஒளியும் வழிபாடும் ஆகிய இரு பணிகளையும் ஒருங்கே ஆற்றியது. மின்சாரம் ஒளியைப் பிரித்தெடுத்துக்கொண்டது; எண்ணெய் விளக்கு வழிபாட்டுக்கு மட்டும் உரியதாயிற்று. ஆயினும் அந்தியில் மின்விளக்கின் விசையை அழுத்தியவுடன் கைகுவிக்கும் பழக்கம் பலரிடம் நிலைத்துள்ளது. எண்ணெயும் திரியும் சுடரும் இல்லாத இடத்திலும் தொழுகை எஞ்சுகிறது. வழிபாடு சுடரைவிட ஏற்றும் செயலையே பற்றி நின்றது என்பதற்கு இதனினும் தெளிவான இக்காலச் சான்று கிடைப்பது அரிது.

இரண்டாவது மாற்றம் நூல்வழி வரையறை. எத்தனை முகம் ஏற்றினால் என்ன பயன், எத்திசை நோக்கினால் என்ன நன்மை, பஞ்சு, வாழைத்தண்டு, தாமரைத்தண்டு ஆகியவற்றின் திரிகளுள் எது எதற்கு உரியது என்னும் பட்டியல்கள் வெகுசன ஆன்மிக நூல்களில் பெருகியுள்ளன. குத்துவிளக்கின் அடி பிரமன், தண்டு திருமால், உச்சி சிவன் என்னும் விளக்கமும் அவற்றில் இடம்பெறும். இவற்றை மரபின் மூலமாகக் கொள்ளாது, மரபின்மீது எழுந்த உரையாகக் கொள்வதே ஆய்வுக்கு ஏற்றது. வீட்டு வழக்கில் முகத்தின் எண்ணிக்கை நிகழ்ச்சியைச் சுட்டியது. பட்டியல்களில் அது பலனைச் சுட்டுகிறது. ‘விளக்கேற்றும் எண்ணெய்’ எனப் பெயரிட்டு விற்கப்படும் கலப்பு எண்ணெய்களும் இம்மாற்றத்தோடு இணைந்தவை.

மூன்றாவது, கோயில் மண்டபங்களில் 108, 1008 என்னும் எண்ணிக்கையில் மகளிர் கூடி நடத்தும் திருவிளக்கு பூசை. வீட்டு விளக்கு கோயிலுக்குள் வந்துசேரும் இந்நிகழ்ச்சியில், கோயிலில் வினைப் பங்கு குறைவாகப் பெற்ற பெண்டிர் தம் விளக்குடன் தாமே வழிபாடு நிகழ்த்துபவர் ஆகின்றனர். அதே வேளையில் மந்திரமும் வரிசைமுறையும் ஒலிபெருக்கி வழியே பொதுவாக்கப்படுவதால் வீட்டுக்கு வீடு வேறுபட்ட வழக்குகள் ஒருமுகப்படுகின்றன. ஈட்டலும் இழப்பும் ஒருங்கே கொண்ட நிகழ்வு இது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. இல்ல விளக்கேற்றம் கோயில் வழிபாட்டின் சுருக்கம் அன்று. அதற்குக் கிடைக்கும் சங்கச் சான்று நந்தா விளக்குக் கல்வெட்டுகளினும் முற்பட்டது. கோயில் விளக்கின் பெயர் தொடர்ச்சியைக் குறிக்க, இல்ல விளக்கின் சொல்வழக்கு ஏற்றுதலையும் குளிரவைத்தலையும் குறிக்கிறது. காவிரிப் படுகையில் இவ்விளக்கு நெல்லோடு இணைந்தே பொருள்படுகிறது. மணம், இறப்பு, அந்தி என்னும் மாறுநிலைகளுக்குச் சான்றாக நிற்கிறது. யார் ஏற்றலாம் என்பதில் நாள்விளக்குக்கும் விழாவிளக்குக்கும் இடையே முரண் உள்ளது. வீட்டு வாசலில் எழும் தீட்டுக் கருத்து பக்தி மரபுக்குள்ளேயே மறுக்கப்பட்டுள்ளது.

இத்துறையில் மேலாய்வுக்கு உரிய மூலம் ஒன்று வீடுகளிலேயே உள்ளது. தாய்வீட்டுச் சீராக வந்த குத்துவிளக்கின் அடியிலும் தாம்பாளத்தின் விளிம்பிலும் கொடுத்தவர் பெயர், பெற்றவர் பெயரின் முதலெழுத்து, நாள் ஆகியவற்றை வெட்டிவைக்கும் வழக்கம் உண்டு. கொடையையும் கொடையாளரையும் கல் கூறுவது போல் இவ்வெழுத்துகளும் கூறுகின்றன. கோயிற் கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டு நூல்களாயின. இல்லத்து உலோக எழுத்துகளோ பழைய பித்தளை எடைக்குப் போடப்படுந்தோறும் உருக்கப்பட்டு மறைகின்றன. பெண்வழியாகக் கைமாறிய பொருள்களின் வரலாற்றை எழுதுவதற்கு அவற்றைப் போன்ற நேரடிச் சான்று வேறில்லை. நன்னிலம் போன்ற ஒரு வட்டத்தில் ஊர்தோறும் அவற்றைப் படியெடுத்துத் தொகுப்பது, இல்ல வழிபாட்டு ஆய்வைக் கோயிலின் நிழலிலிருந்து விடுவித்து அதன் சொந்தச் சான்றுகளின்மீது நிறுத்தும் முதற்பணியாக அமையும்.